கஸ்தூரி எழுதிய இரண்டு தாள்கள்

சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்தால் போதும், கஜபதிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு ஞாபகம் வந்துவிடும். அந்த வருஷம்தான் அவர் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தார். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னர் உத்தியோகம், குவார்ட்டர்ஸில் இரண்டு அறை வீடு, ஒரு சைக்கிள் எல்லாமே அந்த ஒரு பாஸிலிருந்து முளைத்தவை என்பது அவர் கட்சி.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பொங்கல் லீவுக்கு முன்னால் மகள் நாகவல்லி அரையாண்டுத் தேர்வு விடைத்தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். பத்தாம் வகுப்புக் கணக்கு. தொண்ணூற்று நாலு மார்க்.

கஜபதி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க காலத்துல தொண்ணூத்தி நாலு வாங்கியிருந்தா யானை மேல ஏத்தி ஊர்வலம் உட்டிருப்பாங்க. இப்ப இன்னாடான்னா பேனாவைத் தெறந்தா பத்து மார்க், மூடினா பத்து மார்க். பரீட்சையா இது? பொங்கலுக்குக் கரும்பு குடுக்கற மாதிரி மார்க் குடுக்கறானுங்க."

"அவ்ளோ ஈசியா இருந்தா நீ எழுதேன் நைனா" என்றாள் நாகவல்லி. "நீ எழுதின பேப்பரை நான் எழுதறேன். எங்க பேப்பரை நீ எழுது. தோத்தா நீ இனிமே சாப்பிடும்போது அறுபத்தேழுன்னு வாயத் தெறக்கக் கூடாது."

"சரி" என்றார் கஜபதி. "ஜெயிச்சா?"

"சாவுற வரைக்கும் கேக்கறோம்."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கினாள். அவள் சிரித்தால் கஜபதி உடனே, "உங்கம்மா இன்னா சிரிக்கறா, அவ கணக்குல முப்பத்தொண்ணு வாங்கி ஃபெயிலானவ" என்பார். பதினைந்து வருஷமாகச் சொல்கிற பேச்சு. அன்றைக்கும் சொன்னார்.

குவார்ட்டர்ஸ் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டு பால்ராஜ் திருநெல்வேலிக்காரர், தொழிற்சாலையில் அதே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். வாக்குவாதம் எங்கே நடந்தாலும் காது அங்கே போய்விடும். மறுநாள் காலை சங்கு ஊதுவதற்குள் தொழிற்சாலையில் பாதிப் பேருக்குச் செய்தி தெரிந்துவிட்டது. டீ நேரத்தில் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். தலை நரைத்தவர்கள் பழைய பேப்பர் கட்சி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ளவர்கள் புதுப் பேப்பர் கட்சி. பால்ராஜ் எந்தக் கட்சி என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் போய் ஆவேசமாகப் பேசினார்.

பழைய வினாத்தாளுக்கு எங்கே போவது என்று கஜபதி யோசிப்பதற்குள் பால்ராஜே வழி சொன்னார். "கரையான்சாவடியில வீரராகவன் டுடோரியல் இருக்குல்லா. ஃபெயிலான பிள்ளைகள வெச்சே பொழைக்கிறவரு. அம்பத்தெட்டாம் வருஷத்துல இருந்து பேப்பர் வெச்சிருக்காரு. நான் போய்ப் பேசிட்டு வாரேன். நானும் உங்களோட எழுதுதேன் அண்ணாச்சி."

வீரராகவன் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். குண்டான மனிதர். பரீட்சை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மலர்ந்துவிடும். அறுபத்தேழாம் வருஷப் பேப்பரையும் போன வருஷப் பேப்பரையும் மூன்று மூன்று பிரதியாக ஸ்டென்சில் எடுத்துக் கொண்டுவந்திருந்தார். காலையில் பழையது, மத்தியானம் புதியது, தலா இரண்டரை மணி நேரம் என்று அறிவித்தார். கோடு போட்ட தாளுக்கு நூல் கூடக் கொண்டுவந்திருந்தார்.

இடம், குவார்ட்டர்ஸ் நலமன்றத்து ஹால். கேரம் போர்டுகளை ஓரமாகச் சாய்த்துவிட்டு மூன்று மேஜைகள் போட்டிருந்தார்கள். ஜன்னல்களில் தலைகள் நிறைந்துவிட்டன. கஜபதி பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டையில் வந்து, நெற்றியில் விபூதி இட்டு, இங்க் பேனாவை உதறிப் பார்த்தார். நாகவல்லி பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாவது மேஜையில் பால்ராஜ்.

வினாத்தாள் கைக்கு வந்தது. பால்ராஜ் முதல் கேள்வியைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதாவது நல்ல செய்தி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு எழுந்து, "எனக்கு இன்னைக்கு ஓவர்டைம் உண்டு, மறந்தே போச்சு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடாமலே வெளியே நடந்துவிட்டார்.

கஸ்தூரி அப்போதுதான் டீத் தூக்கோடு உள்ளே நுழைந்தாள். காலி மேஜையில் ஒரு தாள் காற்றாடிக் காற்றில் படபடத்தது. வீரராகவன் அதைக் கையால் அமுக்கிப் பிடித்து, "கஷ்டப்பட்டு ஸ்டென்சில் எடுத்தது, வீணாப் போவுதே. யாராவது எழுதறீங்களா?" என்று ஜன்னல்களைப் பார்த்துக் கேட்டார். ஜன்னல்களில் இருந்த தலைகள் குனிந்தன.

"என்கிட்ட குடுங்க" என்றது ஒரு குரல். அது தன் குரல்தான் என்று கஸ்தூரிக்குத் தெரியவே ஒரு விநாடி ஆயிற்று.

ஹாலில் ஒரு சிரிப்பலை எழுந்தது. கஜபதி தலையைத் தூக்கி, "ஏய், டீயை வெச்சிட்டு ஊட்டுக்குப் போ" என்றார். வீரராகவன் அவரை முறைத்தார். "பரீட்சை ஹால்ல பேசினா தாளைப் புடுங்கிடுவேன்" என்றார். கஜபதி குனிந்துகொண்டார்.

கஸ்தூரி உட்கார்ந்தாள். வீரராகவன் நீட்டிய பேனாவை வாங்கிக்கொண்டாள். முதல் கேள்வி ஒரு தொட்டியைப் பற்றியது. ஒரு குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் ஒன்பது மணி நேரத்தில் காலி செய்யும், இரண்டையும் சேர்த்துத் திறந்தால் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரமாகும்? பக்கத்து மேஜையில் நாகவல்லி, "நிரப்பும்போது எதுக்குக் காலி பண்றாங்க, லூசா?" என்று முணுமுணுப்பது கேட்டது. கஸ்தூரிக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. குவார்ட்டர்ஸில் தினமும் காலையில் அவள் பார்ப்பது அதைத்தான். மேலே தொட்டியில் தண்ணீர் ஏறும், கீழே பன்னிரண்டு குடித்தனம் குழாயைத் திறந்துவிட்டிருக்கும். எழுதினாள். பதினெட்டு மணி நேரம்.

பதில் வந்ததும் வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டியது போல இருந்தது. அடுத்த கேள்விக்குப் போனாள். பிறகு அதற்கு அடுத்தது. தெரியாதவற்றைத் தாண்டினாள். நடுவில் ஒரு தேற்றம், பதினேழு வயதில் நசரத்பேட்டையில் பிறந்த வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து உருப்போட்டது, ஒரு வரி கூடக் குறையாமல் அப்படியே வந்து நின்றது. டீ ஆறிப்போனது. ஒருவருமே அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மத்தியானம் புதுப் பேப்பர். இதில்தான் அவளுக்கு ஒரு ரகசியம் இருந்தது. நாகவல்லி சாயந்திரங்களில் சத்தமாகப் படிக்கிற பெண். அவள் பாடம் சொல்லச் சொல்ல, கஸ்தூரி காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பாள். மகள் விளையாடப் போனதும், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பாள். விடை சரியா என்று புத்தகத்தின் கடைசியில் பார்த்துவிட்டுத் தாளை அடுப்பில் போட்டுவிடுவாள். ஏன் அப்படிச் செய்கிறாள் என்று அவளே யோசித்ததில்லை. சீரியல் பார்ப்பதைவிட நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

எதிர் மேஜையில் கஜபதி வியர்த்துக்கொண்டிருந்தார். எண்களைப் பெரிய அடைப்புக்குள் வரிசை வரிசையாக நிறுத்தியிருந்த கேள்வியைப் பார்த்து, "நம்பரையெல்லாம் புடிச்சி ஜெயில்ல போட்டு வெச்சிகினு கீறானுங்களே" என்று தனக்குள் சொன்னார். அணிகள் என்று அதற்குப் பெயர் இருப்பதே அவருக்குத் தெரியாது. சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினார்.

நாலரை மணிக்கு வீரராகவன் தாள்களை வாங்கி, அங்கேயே சிவப்பு மையில் திருத்தினார். ஒரு இடத்தில் அவர் பேனா நின்றது. தோள்கள் குலுங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார். "'கணம் என்றால் என்ன?' கேள்வி, அதாவது 'செட்'. கஜபதி சார் எழுதின பதில், 'கண் இமைக்கும் நேரம்.'"

ஹால் அதிர்ந்தது. நாகவல்லி மேஜைமேல் கவிழ்ந்து சிரித்தாள். கஜபதி, "தமிழ்ல அதுதானே அர்த்தம்? அரை மார்க்காவது போடுங்க" என்று வாதாடினார். வீரராகவன் மனமிரங்கி அரை மார்க் போட்டார்.

முடிவு சொன்னார். பழைய பேப்பரில் கஜபதி நாற்பத்தொன்று, நாகவல்லி இருபத்தெட்டு. பழைய கட்சி கை தட்டியது. புதுப் பேப்பரில் நாகவல்லி தொண்ணூற்றொன்று, கஜபதி ஒன்பதரை. புதுக் கட்சி விசில் அடித்தது. ஆளுக்கொன்றில் தேறி ஆளுக்கொன்றில் தோற்றிருந்தார்கள். எது சுலபம் என்ற கேள்வி இருந்த இடத்திலேயே நின்றது.

"இருங்க, இன்னும் ஒருத்தரு தாள் கீது" என்றார் வீரராகவன். அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "கஸ்தூரியம்மா. பழைய பேப்பர் அம்பத்திரெண்டு. புதுப் பேப்பர் அறுபத்திமூணு. ரெண்டுலயும் பாஸ்."

ஜன்னல்களில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கஸ்தூரிக்குக் காது அடைத்தது. சிரிக்கிறோமா அழுகிறோமா என்று தெரியவில்லை. எப்போது வந்து சேர்ந்தாரோ, பால்ராஜ் முன்னால் வந்து, "தங்கச்சி, ரெண்டுலயும் பாஸானது நீ ஒருத்திதான். நீயே சொல்லு. எது கஷ்டம்?" என்றார்.

கஸ்தூரி யோசித்தாள். "ரெண்டும் ஒண்ணுதாண்ணா. ஆனா அப்போ எங்கப்பா சொல்லி வெச்சிருந்தாரு, ஃபெயிலானா கல்யாணம்னு. அந்த பயத்துலயே எல்லாம் மறந்து பூட்சி. இப்போதான் கல்யாணம் ஆயிடுச்சே, இனிமே இன்னா பயம்?"

அந்த ஹாலில் அவ்வளவு பெரிய சிரிப்பை யாரும் கேட்டதில்லை. வீரராகவனுக்கு மூச்சு முட்டி, யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். கஜபதி சிரிக்கவில்லை. எழுந்து மனைவியின் தாள்களை வாங்கி, சிவப்பு மையால் வட்டமிட்ட மார்க்குகளை வெகுநேரம் பார்த்தார். வீட்டுக்கு நடக்கும்போதும் பேசவில்லை. கோபம் என்றுதான் கஸ்தூரி நினைத்தாள்.

திங்கட்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர் ஒரு காகிதப் பையை அவளிடம் நீட்டினார். உள்ளே ஒரு புது ஜாமெட்ரி பாக்ஸ். "வீரராகவன் சாரைப் பாத்துட்டு வரேன். செப்டம்பர்ல பத்தாவது பரீட்சையைத் தனியா எழுதலாமாம். பழைய திட்டம் போயிடுச்சி, கணக்கு மட்டும் எழுதினா பத்தாது, எல்லாப் பாடமும் எழுதணும்" என்றார். கொஞ்சம் தயங்கி, "இந்தத் தடவை உன்னை எதைச் சொல்லி பயமுறுத்தறதுன்னுதான் தெரியல" என்றார். கஸ்தூரி அந்தப் பெட்டியைத் திறந்து, காம்பஸை எடுத்து, அது வந்த காகிதப் பையிலேயே ஒரு வட்டம் போட்டாள்.

அந்த எட்டு மாதம் வீட்டில் ரசத்தில் உப்பு இருந்தால் புளி இருக்காது. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது என்று நாகவல்லி தலையில் அடித்துக்கொள்வாள். கஜபதி சட்னி அரைக்கக் கற்றுக்கொண்டு, அது லேத்தைவிடக் கஷ்டம் என்று ஷாப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தார். செப்டம்பரில் அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில், மீசை முளைத்த பையன்களுக்கு நடுவே கஸ்தூரி ஆறு நாள் உட்கார்ந்து எழுதினாள். கண்காணிப்பாளர் முதல் நாள் அவளைப் பெற்றோர் என்று நினைத்து வெளியே நிற்கச் சொன்னார்.

ரிசல்ட் பேப்பரில் வந்தபோது அவள் நம்பர் இருந்தது. பதினைந்து நாள் கழித்து, மார்க் ஷீட் வாங்கத் தனியாகவே போனாள். கவுன்ட்டரில் இருந்தவர் தலை நிமிராமல், "பொண்ணு எங்கம்மா? அது வந்து கையெழுத்துப் போடணும்" என்றார்.

"பொண்ணு பிளஸ் ஒன் படிக்குது. இது என்னுது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

மொத்தம் இருநூற்று எண்பத்தேழு. கணக்கில் எழுபத்திரண்டு. பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில் நாலு தடவை பிரித்துப் பார்த்தாள். ஒரு பெட்டிக்கடையில் நின்று பன்னீர் சோடா கேட்டாள். தெருவில் தனியாக நின்று அவள் சோடா குடித்ததே இல்லை. மடக் மடக்கென்று ஒரே மூச்சில் குடித்ததில் பெரிதாக ஒரு ஏப்பம் வந்தது. கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். கஸ்தூரிக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. இந்த முறை அவள் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. ஆவடி பஸ் ஒன்று வந்து நின்று, கண்டக்டர் கூப்பிட்டு, போயும்விட்டது. அவள் இன்னொரு சோடா வாங்கினாள்.