கெர்வலான் திரும்பிப் போகாத மணல் திட்டு

ஆங்கில வகுப்பில் சீட்டுக் குலுக்கியபோது சீமோனுக்கு விழுந்தது ஒரு பிரெஞ்சுக் கடற்படைத் தளபதியின் வாழ்க்கை. மோர்னிங்சைட்டில் ஒரு சமூக நிலையத்தின் மேல்மாடியில், குளிர் நாட்டுக்குப் புலம்பெயர்ந்து வந்த பெரியவர்களுக்காகக் காலை வேளைகளில் நடக்கும் வகுப்பு அது. ஆளுக்கொரு நாடுகாண் பயணியைப் பற்றிப் புத்தகம் படித்து, இரண்டு கிழமைக்குப் பிறகு எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். 1997ஆம் ஆண்டு தை மாதம்.

"சீமோன் நானாவுக்குக் கப்பல்காரன் கிடைச்சிருக்கான். எனக்குப் பாருங்க, பனியில விறைச்சுச் செத்தவன்," என்றாள் கூடப் படிக்கும் எருக்கலம்பிட்டிக்காரி ஷம்லா. "வெளியில போய் நிண்டா நானே அவன்தான். படிக்கவே தேவையில்ல."

பக்கத்துக் கதிரையிலிருந்த இராஜேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். சீமோனும் சிரிக்கப் பார்த்தான். அவளுடைய நெற்றிப் பொட்டில் கண் பட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

புரட்டாதியில் வகுப்புத் தொடங்கிய அன்றே அவள் கேட்டிருந்தாள். "அண்ணைக்கு ஊர் பேசாலையோ? என்ர மனுசன் தொண்ணூறாம் ஆண்டு பேசாலையாலதான் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினவர். தபால் கந்தோரில வேலை. ஸ்ரீஸ்கந்தராசா எண்டு பேர். கேள்விப்பட்டிருக்கிறியளே?"

"இல்லைத் தங்கச்சி," என்றான் சீமோன்.

அந்த வள்ளத்தை ஓட்டியவன் அவன்தான்.

அன்று தொடங்கி நாலு மாதமாக, அவள் பிளாஸ்கில் கொண்டுவரும் தேத்தண்ணியில் முதல் கோப்பையை அவனுக்கே ஊற்றித் தந்தாள். தனியாள், பாவம், காலையில் ஒன்றும் குடிக்காமல் வருகிறார் என்று அவளுக்கு எண்ணம். பிழை செய்தவனை வைதால் தாங்கிக்கொள்வான். அவனுக்குச் சீனி அளவு கேட்டுத் தேத்தண்ணி ஊற்றினால் என்ன செய்வான்? சீமோன் மூன்று தரம் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தான். ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று சுவாமியார் சொன்னதை அவன் நம்பினான். ஆனால் ஆண்டவருக்கு எல்லாம் தெரியும். இராஜேஸ்வரிக்கு ஒன்றும் தெரியாது.

புத்தகம் பிள்ளைகளுக்காக எழுதியது. பக்கத்துக்கொரு படம். தளபதி கெர்வலான் பன்னிரண்டு வயதில் கப்பலேறியவர். இருபதில் புதுச்சேரிக்கு வந்தவர். முப்பத்தொன்றில் மூன்று கப்பல்களுக்குத் தளபதியாகி, இந்து சமுத்திரத்தின் பேரறியாத் தீவுகளை வரைபடத்தில் ஏற்றப் புறப்பட்டவர். நீலக் கோட்டும் பொன் பொத்தான்களுமாகப் படங்களில் நெஞ்சு நிமிர்த்தி நின்றார். இருபத்தாறாம் பக்கத்தில், கடல் நடுவே ஒரு மணல் திட்டில், தண்ணீரின் ஆழம் அளக்கப் பதினொரு பேரை இறக்கிவிட்டு, பத்து நாளில் வருவேன் என்று தொப்பியைக் கழற்றி வாக்குக் கொடுத்தார். பதினொரு பேரில் ஐந்து பேர் காரைக்கால் பக்கத்துத் தமிழ் மாலுமிகள். அவர்களுடைய பெயர்கள் புத்தகத்தில் இல்லை.

சீமோன் அந்த இடத்தில் புத்தகத்தை மூடினான்.

அடுத்த நாள் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, வாகனத் தரிப்பிடம் முழுக்கப் பனி விழுந்து ஒரு காலடி இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. அதன் நடுவே உயரமான ஒரு மனிதன் நின்றான். மேலே கோட்டு இல்லை, சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான். கூப்பிடவில்லை, கையசைக்கவில்லை. வருகிற ஆள் வருவான்தானே என்ற பொறுமையோடு வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் வந்து மறைத்தது. ஏறி இருந்து ஜன்னலால் பார்த்தால் பனி மட்டும் இருந்தது.

அந்தக் கிழமை முழுக்க அப்படித்தான். வெள்ளிக்கிழமை, தரிப்பில் பஸ்ஸுக்கு நின்ற சீமோனுக்குப் பக்கத்தில், பொன் பொத்தான் வைத்த நீலக் கோட்டுப் போட்ட ஒரு கிழவரும் நின்றார். கோட்டின் ஓரத்தால் தண்ணீர் சொட்டியது. பனி மூடிய வெள்ளை வெளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தானும் பஸ்ஸுக்குத்தான் நிற்பதுபோல அவர் வீதியையே பார்த்தார். சீமோனுக்கு அவரைப் பார்க்கப் பயமாயிருக்கவில்லை. தானும் அதே மாதிரித்தான் நிற்கிறேன் என்பதே பயமாயிருந்தது. அன்று வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைக் கடைசிவரை படித்தான்.

அவனுடைய முறை வந்தது. தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் கெர்வலானின் கதையைச் சொன்னான். தளபதி திட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. பிரான்சுக்குப் போனார், அரசர் பதக்கம் கொடுத்தார், ஒரு தீவுக்கு ஆளுநராக்கினார். கடற்கரையில் பெரிய வீடு. ஆனால் நீர் வற்றும் நேரங்களில், மணல் வெளியே தெரியத் தொடங்கும்போது, கடல் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் சாத்தச் சொல்வார். முப்பது வருடம் அப்படிச் சாத்தினார்கள்.

"ஏன் திரும்பிப் போகவில்லை?" என்று ஆசிரியை கேட்டார்.

"காற்று என்று அவர் அறிக்கையில் எழுதினார். அவர் செத்த பிறகு உதவித் தளபதியின் நாட்குறிப்பு கிடைத்தது. அதில், கடல் அமைதி, காற்று சாதகம் என்று இருக்கிறது. எதிரிக் கப்பல் திரிவதாக ஒரு கதை மட்டும் வந்ததாம்."

"பயந்திட்டான் மனுசன்," என்றாள் ஷம்லா தமிழில். "அதைச் சொல்லிட்டாவது செத்திருக்கலாமே. எத்தினை ஜன்னலைப் பூட்டுறது?"

இடைவேளைக்கு மற்ற எல்லோரும் கீழே போனார்கள். இராஜேஸ்வரி பிளாஸ்கைத் திறந்தாள். சீமோன் கோப்பையைக் கையால் மூடினான்.

"வேண்டாம் தங்கச்சி. உங்கட மனுசனை எனக்குத் தெரியும். என்ர வள்ளத்திலதான் ஏறினவர்."

அவள் பிளாஸ்கை மேசையில் வைத்தாள்.

"பாதிக் கடலில தண்ணி ஏறத் தொடங்கிட்டுது. பிள்ளையள் குழறி அழுகுதுகள். ஒரு ஆள் பாரம் குறைஞ்சாலும் கரை சேரலாம் எண்டு நான்தான் சொன்னன். அவர் எழும்பிப் பக்கத்து மணல் திட்டில இறங்கினவர். 'என்ர பேர் ஸ்ரீஸ்கந்தராசா, மறந்திடாதையும்' எண்டவர். விடிய முன்னம் வாறன் எண்டு மாதா மேல சத்தியம் பண்ணினன்."

"பிறகு?"

"சனத்தைத் தனுஷ்கோடியில இறக்கினன். விடியச் சோழகக் காத்துத் தூக்கி அடிச்சுது. அது பொய்யில்லை. ஆனா மத்தியானம் காத்து விழுந்திட்டுது. கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. நேவி திரியுது எண்டு ஆரோ சொன்னான். எஞ்சினில கைய வைச்சபடி பொழுதுபடும் வரைக்கும் இருந்தன், தங்கச்சி. அடுத்த நாள்தான் போனன். திட்டு இருந்தது. ஆள் இல்லை. கரையோரம் சுத்திச் சுத்திக் காலடி. பிறகு இந்தியாவில அகதி முகாம் முகாமாத் தேடினன். ஒருத்தரும் காணேல்லை."

அவள் பிளாஸ்கின் மூடியைத் திருகி இறுக்கினாள்.

"நாலு மாசம் என்ர தேத்தண்ணியக் குடிச்சனீர்."

"ஓம்."

"அவர் எங்கேயோ மறியலில அடைபட்டு இருக்கிறார் எண்டு நான் சொல்லேக்கையும் தலையாட்டினனீர்."

"ஓம்."

அவள் எழுந்து வாசல்வரை போனாள். கதவுப்பிடியில் கை வைத்தபடி, திரும்பாமலே கேட்டாள். "பிள்ளையள் எத்தினை பேர் வள்ளத்தில?"

"ஏழு. ஒண்டு கைக்குழந்தை."

"எல்லாம் கரை சேர்ந்ததுகளோ?"

"எல்லாம் சேர்ந்ததுகள்."

அவள் திரும்பி வந்து கதிரையில் இருந்தாள். கண்ணீர் விழுந்தது, துடைக்கவில்லை. "அண்டைக்கு என்ன நாள்?"

"ஆவணி அமாவாசை. இருட்டில்லாட்டி வள்ளம் விடேலாது."

"ஆறு வருசம். திவசம் குடுக்க நாளும் தெரியாது, குடுக்க மனமும் இல்லை..." என்றவள் மேலே சொல்லவில்லை. மூச்சை இழுத்துவிட்டு, "ஆவணியில வீட்டை வாரும்," என்றாள். "அவற்ற பேரால ஒருத்தருக்குச் சோறு போடவேணும்."

"எனக்கோ?"

"அவர் கடைசியாக் கண்ட முகம் உம்மடதுதானே. சாப்பிட்டிட்டு, உந்தக் கதையை என்ர மகளுக்கும் நீர்தான் சொல்லவேணும். ஒண்டும் மறைக்காமல். அந்த ஏழு பிள்ளையளையும் சேத்து."

சீமோன் தலையை மட்டும் அசைத்தான். அவள் முன்னால் அழுவதற்குத் தனக்கு உரிமையில்லை என்று அவனுக்குத் தோன்றியது. படியில் ஷம்லாவின் சிரிப்பும் மற்றவர்களின் காலடிச் சத்தமும் ஏறி வந்தன. இராஜேஸ்வரி அவனுடைய கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, வெக்ஸ்போர்ட்டிலுள்ள தன் வீட்டு விலாசத்தை எழுதத் தொடங்கினாள். எந்த பஸ், எந்தத் தரிப்பில் இறங்க வேண்டும் என்பதையும் கீழே எழுதினாள்.