சாகக் கூடாத தீவு

எங்கள் தீவில் யாரும் சாகக் கூடாது. தேவிக்குத் தீட்டாம். மூச்சு இழுக்கத் தொடங்கியவரை அக்கரைக்கு ஏற்றிப்போவது என் படகுதான். அதனால் ஊரே என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். போங்கடா!

அன்றைக்கு மலைமேல் இருக்கும் புத்தர் கோயிலின் பெரிய குரு ரியோகாயின் முறை. செத்தால் புத்தர் முன்னால்தான் சாவேன் என்று பீடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார்.

தேவி கோயில் பூசாரி ஷிமோடா வாசலில் நின்று கத்தினார். "அடம் பிடிக்காதீங்க சாமி. தேவிக்கு ஆகாது."

"இங்க மான் சாகுதே, அதுக்குத் தீட்டு இல்லையா? உன் தேவி மூக்கு ஆள் பார்த்துத்தான் மோப்பம் பிடிக்குமா?"

"மானும் நீங்களும் ஒண்ணா?"

"மான் எவ்வளவோ தேவல. உன்னை மாதிரி கத்தாது."

கடைசியில் குருவின் மனைவி கினுதான் அவருடைய விரல்களைப் பீடத்திலிருந்து பிரித்தாள். ஊரைப் பகைத்துக்கொண்டு கோயிலை நடத்த முடியாதே! அழுதுகொண்டேதான் பிரித்தாள். நான் குருவைத் தூக்கிவந்து படகில் கிடத்தினேன், கினுவும் ஏறிக்கொண்டாள்.

படகு கிளம்பியபோது கடல் நன்றாக ஏறியிருந்தது. கரையைத் தாண்டித் தனியாக நிற்கும் தேவி கோயிலின் சிவப்பு வாசலின் கால்கள் தண்ணீருக்குள் நின்றன. குரு மலைமேல் இருந்த தன் கோயிலையே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"கினு, அக்கரையில எனக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல," என்றாள். சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "திருப்புங்கண்ணே."

"ஐயோ, ஷிமோடா என்னைத் தொலைச்சுக் கட்டிருவாரும்மா!"

"கரையேற வேண்டாம். அந்த வாசலுக்குக் கீழ நிறுத்துங்க. இப்ப அது கடல்தானே?"

அடி சக்கை! தண்ணீர் வற்றினால் அந்த இடம் தீவு, நடந்துபோய்க் கிளிஞ்சல் பொறுக்குவோம். ஏறினால் கடல். இத்தனை காலம் படகோட்டி என்ன பிரயோசனம், எனக்குத் தோன்றவில்லையே!

வாசலுக்குக் கீழே படகை நிறுத்தினேன். கினு அவர் தலையை மடியில் தூக்கி வைத்தாள். "நம்ம கோயில் கூரை தெரியுதா?"

"தெரியுது. ஓடு மாத்தணும்," என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஷிமோடா தண்ணீரில் இறங்கி மார்பளவு நனைந்து வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று துடுப்பை இறுக்கிப் பிடித்தேன்.

"கடல்லதான் போனாரு," என்றாள் கினு. "உங்க தேவிக்கு ஒண்ணும் ஆகல."

ஷிமோடா வாசல் காலில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்தார்.

"வத்த இன்னும் நேரமிருக்கு. அழுதுக்கம்மா," என்று சொல்லி, பிணம் கிடந்த படகு ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.