அஷ்டமியில் சேர்ந்தவர்கள்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் பரஞ்சோதி மாமா வாயைத் திறந்தாலே தேன்மொழிக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கும் அதே கேள்விதான்.

"எப்பம்மா கேப்டன் ஆவப்போற? உன்கூடப் படிச்ச ஜியான் வெய் ஆகி ரெண்டு வருஷமாச்சே லா!"

கேட்க வெட்கமாக இருக்காதா இந்த மனுஷனுக்கு? எட்டு வருஷத்துக்கு முன்னால் விமானக் கம்பெனி இவளோடு சேர்த்துப் பத்துப் பேரையும் ஒரே நாளில் வேலைக்கு வரச் சொன்னது. "அஷ்டமியும் அதுவுமா யாராச்சும் வேலையில சேருவாங்களா? நவமியும் போகட்டும்" என்று குதித்து, இவளை மட்டும் இரண்டு நாள் தள்ளிப்போட வைத்தவரே இவர்தான். அங்கே பதவி உயர்வெல்லாம் சேர்ந்த தேதி வரிசைப்படி. அஷ்டமியில் சேர்ந்த ஒன்பது பேரும் கேப்டன். தசமியில் சேர்ந்த மகராசி இன்னும் கோ-பைலட். கூப்பிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் ஏர்போர்ட்டில் நிற்க வேண்டிய ஸ்டான்ட்பை. ஃபோனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தோசை தின்கிறாள்.

ஃபோன் அடித்தது. பேசியது பயிற்சிப் பிரிவு.

"கேப்டன் டிரெயினிங்கா? வர்ற திங்கட்கிழமையேவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் தேன்மொழி.

மாமா அதற்குள் தன் ஃபோனில் பஞ்சாங்கத்தைத் திறந்துவிட்டார். "திங்கக்கிழமை கரிநாளும்மா! புதன்கிழமை வரேன்னு சொல்லு!"

தேன்மொழி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "திங்கட்கிழமை வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மாமா பஞ்சாங்கத்தை மூடி ஃபோனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு இளித்தார். "சரி, நீ கேப்டனா ஓட்டுற முதல் பிளேன்ல நான்தான் ஏறுவேன்."

"வாங்க மாமா. ராகுகாலத்துலதான் கெளப்புவேன்."