மந்திரி படத்தில் பொன்னுராஜ்

தேர்தல் கூட்டம் கேட்க மதுரைக்கு லாரியேறிப் போய்க் காணாமல்போன பொன்னுராஜ், ஏழு வருஷம் கழித்து, 1974 மாசி மாதம், கடமலைக்குண்டு டூரிங் கொட்டகையில் ஓடிய ஒரு வெளிநாட்டுப் படத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். படத்தில் ஒரு மந்திரி மேடையேறிப் பேசுவார். எதிர்த்த கட்டடத்து மச்சு ஜன்னலிலிருந்து ஒருவன் சுடுவான். முதல் குண்டு மந்திரிக்கு. இரண்டாவது, மேடைக்குக் கீழே முன்வரிசையில் நிற்கிற ஆளுக்கு. மீதிப் படம் முழுக்க, சுடச் சொன்ன பெரிய மனிதர்களைப் போலீஸ்காரர் ஒருவர் தேடுவார். அந்தக் கூட்டத்தில் எல்லாரும் கோட்டும் தொப்பியுமாக நிற்க, பொன்னுராஜ் மட்டும் வேட்டி கட்டி, தோளில் துண்டோடு நின்றார். ஆள் கொஞ்சம் வெளுத்திருக்கிறார் என்பதைத் தவிர ஊரார் வேறெதற்கும் ஆச்சரியப்படவில்லை.

அதற்கு மந்திரி படம் என்று ஊரே பெயர் வைத்துவிட்டது. தலைப்பு வருகிற துண்டு எப்போதோ கிழிந்துபோயிருந்தது. படத்தை அனுப்பிய மதுரைக் கம்பெனியும் மூடிவிட்டதால் பெட்டியைத் திரும்ப எடுக்க ஆள் வரவில்லை. வேறு படம் கிடைக்காத வாரமெல்லாம் அதுதான் ஓடியது. அதன் பிறகு வருஷநாட்டுப் பக்கம் பேச வந்த தலைவர்கள் மச்சு வீடுகளை ஓரக்கண்ணால் பார்த்தபடியே பேசினார்கள். கூட்டம் என்றால் முதலில் மச்சு ஜன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் மைக் கட்டினார்கள். இன்றைக்கும் அப்படித்தான்.

பொன்னுராஜின் மனைவி பூமாரி ஓர் ஆட்டம் விடாமல் போனாள். பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்து, மந்திரியையோ போலீஸ்காரரையோ பார்க்காமல், துண்டு போட்ட அந்த ஒரு ஆளை மட்டும் பார்த்தாள். ஏழு வருஷமாகச் சட்டிச் சோற்றில் அவர் பங்கை நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு, வெள்ளைத் திரையில் அவர் கண் சிமிட்டுவதைப் பார்ப்பதே பெரும் ஆறுதலாக இருந்தது. சில மாதங்களில் அந்த ஆறுதலிலும் மண் விழுந்தது. முதல் ஆட்டத்தில் எங்கோ பின்னால் நின்றவர், ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் ஆளைத் தாண்டி முன்னால் வந்துகொண்டிருந்தார். எந்தக் கூட்டமானாலும் முட்டி மோதி முன்வரிசைக்குப் போகாவிட்டால் பொன்னுராஜுக்குச் சோறு இறங்காது. ஊரில் இருந்த காலத்திலேயே திருத்த முடியாத புத்தி அது.

இதைக் கொழுந்தன் தங்கபாண்டியும் கவனித்துவிட்டான். சாவு தெரியாமல் தாலி இறக்கக் கூடாது, கருமாதி முடியாமல் தோட்டத்தைப் பிரிக்கக் கூடாது என்பது அவர்கள் வகையறா வழக்கம். அவன் பெரியவர்களைக் கூட்டினான். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் அண்ணன் முன்வரிசைக்கு வந்துவிடுவார், குண்டு பட்டால் ஊரே கண்ணால் கண்ட சாவுதானே என்றான். பெரியவர்களும் அது நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். பிறகு பூமாரியிடம் வந்து, “மதினி, வெள்ளச் சேலை எடுத்து வச்சிருக்கேன். மனசத் தேத்திக்கங்க” என்றான். நல்ல பையன்தான், தோட்டம் என்றால் மட்டும் கொஞ்சம் அவசரம்.

சனிக்கிழமை பகலில் பூமாரி ஆபரேட்டர் இருதயத்தைப் பார்க்கப் போனாள். அறுந்த பிலிமின் இரு முனையையும் வெட்டி, மருந்து தடவி ஒட்டுவது அவருக்கு அன்றாட வேலை.

“அண்ணே, அந்தத் துப்பாக்கி வர்ற எடத்த மட்டும் வெட்டிருங்க.”

“வெட்டிரலாம் தாயி. அதுக்கப்புறம் அங்கன என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதே.”

“என்னமும் நடக்கட்டும். அவுக உசிரோட இருந்தாப் போதும்.”

இருதயம் சிலுவை போட்டுக்கொண்டு கத்திரியை எடுத்தார்.

அன்று பெரியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுராஜ் முன்வரிசையில் நின்றார். மந்திரி பேசினார், தண்ணீர் குடித்தார், மறுபடி பேசினார். யாரும் சுடவில்லை. பேசி முடித்து, கையசைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். கூட்டம் கலைந்தது. பூமாரி மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். பொன்னுராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார். கொட்டகைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற கோட்டுக்காரரிடம் நெருப்பு வாங்கிப் பீடியைப் பற்றவைத்து, அவரோடு பேசிக்கொண்டே தெருக்கோடிக்கு நடந்து, முக்குத் திரும்பிப் போய்விட்டார்.

“இங்கிட்டு வருவாகன்னுல்ல நெனச்சேன்” என்றாள் பூமாரி, பொதுவாக. பெரியவர்கள் இடுப்புத் துண்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார்கள்.

அதன் பிறகு அவர் அந்தப் படத்தில் வரவேயில்லை. முன்வரிசையில் அவர் நின்ற இடம் காலியாகவே இருந்தது. கோட்டுக்காரர்கள் யாரும் அதில் வந்து நிற்கவில்லை. கொலையே நடக்காத படத்தில் போலீஸ்காரர் கடைசிவரை யாரையோ தேடினார். ஜனங்கள் அதையும் காசு கொடுத்துப் பார்த்தார்கள். கருமாதி நடக்கவில்லை, தோட்டம் பிரியவில்லை, தங்கபாண்டி அந்தப் பேச்சையே விட்டுவிட்டான். பூமாரிக்குத்தான் ஆறவில்லை. செத்திருந்தால் வாய்விட்டு அழுதிருப்பாள். தான் பிழைக்கவைத்த மனிதர் அவர்பாட்டுக்குப் போய்விட்டதற்கு எப்படி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

1981இல் ஜனத்தொகைக் கணக்கெடுக்க நல்லகண்ணு வாத்தியார் வந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ஒரு ஆள்தான் என்றாள்.

“வீட்டுக்காரர்?”

“இருக்காக. கூட்டம் முடிஞ்சிருச்சு, கெளம்பிட்டாக.”

வாத்தியாரும் அன்றைக்குப் பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தவர்தான். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், கணவர் உண்டு, வெளியூர் என்று எழுதிக்கொண்டார். கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.