அவருடைய கடைசிச் சிப்பாய்

1

இது கட்டுரையாகத்தான் பிறந்தது. மகளின் பள்ளி ஆண்டு மலருக்கு, 'வளரிளம் பிள்ளைகள் போனுக்கு அடிமையாவது ஏன்?' என்று பெற்றோர் யாராவது எழுதித் தரக் கேட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் என்னைப் பிடித்தார்கள். பவர் ஏறிய பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவள் அல்லவா.

முதல் வரி: 'தனிமை, தூக்கமின்மை, நண்பர்களின் நெருக்குதல், வீட்டுப் பெரியவர்களின் போன் பழக்கம், இழப்பு ஆகியவை

(முடிக்கவில்லை. அந்தக் கடைசிக் காரணம் வந்ததும் கை நின்றுவிட்டது.)

2

மறுபடி தொடங்குகிறேன். ஒரு பெண், பதினைந்து வயது. அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் மாரடைப்பில் இறந்துபோனார். அன்றிலிருந்து அவள்

('அன்றிலிருந்து' என்று எழுத எனக்கு என்ன உரிமை? அவர் இருந்தபோதும் போனும் கையுமாகத்தான் இருந்தாள். அவரும்தான். ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து போனில் சதுரங்கம் ஆடுவார்கள்.

"அப்பா, வைங்கப்பா!"

"இரு, யோசிக்கிறேன்."

யோசித்து யோசித்துத் தோற்பார். ஒரு தடவைகூட அவளை வென்றதில்லை, சமமாக முடித்ததுகூட இல்லை. காரணங்களின் வரிசையில் இதை எங்கே சேர்ப்பது?)

3

இந்த மாதம் எங்கள் கடையில் அவள் கண்ணைச் சோதித்தபோது பவர் மறுபடி ஏறியிருந்தது.

"பரீட்சை முடியற வரைக்கும் உன் போன் இங்க கடை டிராயர்ல இருக்கட்டும்."

"மூணு நாள் வைக்கலன்னா தோத்ததா ஆயிடும்மா."

"எந்த ஆட்டம்டி?"

பையிலிருந்து அவள் அப்பாவுடைய போனை எடுத்தாள். முழுதாகச் சார்ஜ் ஏற்றியிருந்தது.

(வாசகரே, இங்கே நான் அழுதேன் என்று எழுதினால் பொருந்தும். எனக்கு வந்தது ஆர்வம்.)

"ரெண்டு பேருக்கும் நீயே ஆடுறியா?"

"கடைசியா ஆடினது. முடிய விடல."

"சும்மா முன்னாடி பின்னாடி நகர்த்துறதுக்கா இவ்ளோ நேரம்?"

"அய்யோ அம்மா! ஒரே நிலை திரும்பத் திரும்ப வந்தா சமம்னு முடிச்சிரும். அம்பது தடவை ஆடியும் சிப்பாய் நகரலன்னாலும் முடிச்சிரும். சிப்பாய் பின்னாடி வராதே."

"எத்தனை மிச்சம்?"

"என்னோடது எல்லாம் முட்டிக்கிட்டு நிக்குது. அப்பாவோடதுல நகரக்கூடியது ஒண்ணே ஒண்ணு. அதுவும் ஒரு கட்டம்தான் போகும்."

4

முடிவு ஒன்று: அம்மா போனைப் பூட்டி வைத்தாள், மகள் வகுப்பில் முதலாவதாக

(ஆண்டு மலருக்குப் பிடிக்கும். அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: இருவரும் கட்டிப்பிடித்து

(அவளா? கிட்டப் போனாலே "தள்ளும்மா" என்பாள்.)

நடந்தது இவ்வளவுதான். அன்று இரவு வீட்டில் இரண்டு போனையும் என் மடியில் வைத்தாள்.

"அடுத்தது அப்பா முறை. சிப்பாயை வச்சா இன்னும் கொஞ்ச நாள் ஓடும். வேற எதை வச்சாலும் இப்பவே சமம். நான் தொடமாட்டேன். நீ வை."

சிப்பாயைத் தொட்டால் அவர் இன்னும் கொஞ்ச நாள் ஆடுவார். வேறு காயைத் தொட்டால், முதன்முறையாக மகளிடம் தோற்காமல் எழுந்து போவார். உங்கள் விரலாக இருந்தால் எதை நகர்த்தும்? கட்டுரை அந்தப் பதிலில்தான் முடிய வேண்டும். அதை நான் எழுதப்போவதில்லை.

அவள் சாப்பிட உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். அப்படிப் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது.

"வச்சிட்டியா?"

"இரு, யோசிக்கிறேன்."

"அப்பா மாதிரியே இழுக்கிற," என்றபடி தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.