ஹெட்போனில் கசிந்த தாளம்

…டிக் டிக்கென்று அவள் குரலுக்கு அடியில் இது எப்படி வந்தது, வாத்தியங்களை அணைத்துவிட்டு மாரிசெல்வியின் குரலை மட்டும் ஓடவிட்டால் தெளிவாகக் கேட்கிறதே, பாடும்போது அவள் ஹெட்போனில் ஓடிய தாளம்தான், அது வெளியே கசிந்து மைக்கில் ஏறுகிற அளவுக்கா சத்தம் வைத்துப் பாடினாள், கலைமணி கம்ப்யூட்டரில் போன வருஷத்துப் பாட்டைத் திறந்தான், அதில் கசிவே இல்லை, அதற்கடுத்த பாட்டில் லேசாக, இதில் யாரோ பின்னால் நின்று ஆணி அடிப்பதுபோல… இன்னும் கொஞ்சம் வைங்கண்ணே, இன்னும் கொஞ்சம் என்று அவள் கேட்கக் கேட்க ஏற்றிக்கொண்டே போனது இவன்தானே, பாடுகிறவர்களுக்கு எது வசதியோ அதைச் செய்து தருவதுதானே புரொடியூசர் வேலை, சுருதியும் இறங்குகிறது, மேலே போகிற இடத்திலெல்லாம் ஒரு நூல் கீழே நிற்கிறாள், அதையும் இவன் திரையில் பிடித்துப் பிடித்து மேலே ஏற்றினான், கேட்கிறவர்களுக்குத் தெரியாது, பாடியவளுக்கும் தெரியாது என்றுதான்…

ஒரகடத்தில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் அவளுக்கு வேலை, மிஷின் சத்தத்துக்குக் காதில் அடைத்துக்கொள்ளக் கொடுக்கிறார்கள், அடைத்தால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது, திட்டு விழும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாளே, அன்றைக்கே உறைத்திருக்க வேண்டாமா? இந்த வாரம் மணிமங்கலத்து மேடைக் கச்சேரி ட்ரூப்பில் நேரில் பாடிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், எடுத்துக்கொண்டால் கம்பெனியை விட்டுவிடுவாளாம், மேடையில் இவன் எதைப் பிடித்து ஏற்றுவான்? சொன்னால் பாட்டு போகும், சொல்லாவிட்டால் காது போகும், அதற்குள் ஷிப்ட் முடிந்து, படப்பை வெயிலில் முகம் சிவந்து, ஸ்டுடியோ படியேறி வந்தே விட்டாள், பாட்டைக் கேட்டாள், “நல்லாருக்குண்ணே” என்றாள்.

“காது எப்டி கீது, மாரி?”

“எந்தக் காதுண்ணே?”

கேள்வி அவள் வாயிலிருந்து சட்டென்று வந்துவிட்டது. அவள் முகம் வெளிறியது. அப்படியென்றால் தெரிந்திருக்கிறது, இவ்வளவு நாளும் இவன் அவளிடம் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருக்க, அவள் இவனிடம்…

“டாக்டராண்ட காட்டுனியா?”

“எடது காது மந்தம்னாரு. அந்த மிசின்ல நிக்காதேன்னாரு. காண்ட்ராக்ட்டுக்காரி நான், கம்பெனிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே நிப்பாட்டிருவாவ.” பிறகு தாழ்ந்த குரலில், “நான் பாடுன மேனிக்கு, நீங்க தொடாம, ஒருக்கா போடுங்கண்ணே.”

போட வேண்டுமா, அவள் ஹெட்போனை மாட்டிக்கொள்ள, போட்டான், உச்சத்தில் அவள் வழுக்கி இறங்குகிற அந்த இடம் வந்தபோது அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, தன் வீட்டுப் பிணியை யாரோ தெருவில் வைத்துச் சொன்னதுபோல் கூசியது, முடிந்தது, அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு. பெறவு என்ன? பாடிருவேன்.”

அப்படித்தான் கேட்டதா அவளுக்கு, நிஜமாகவே ஒன்றுபோலவா, இல்லை இவனைச் சமாதானப்படுத்தச் சொன்னாளா, தன்னையேவா… அவள் மூச்சு எந்த எழுத்தில் உடையும் என்று அறிந்தவன், இரண்டு வருஷமாக அந்தக் குரலை அங்குலம் அங்குலமாக வெட்டி ஒட்டியவன், அவள் இப்போது சொன்னது உண்மையா என்று அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.