நாற்பது நொடிக்கு ஒரு முன்னுரை

லினக்ஸ் கணினிப் பயனர் சங்கத்தின் தலைவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது போன ஞாயிற்றுக்கிழமை. "என் கம்ப்யூட்டர ஹைபர்னேட்ல, அதாவது ஆழ்ந்த தூக்கத்துல, போட்டுட்டுப் பட்டன அமுக்கினா, ஒரு நிமிஷத்துல விட்ட இடத்துலேர்ந்து எழுந்து நிக்கும்" என்று பதினொரு உறுப்பினர்கள் முன்னால் அளந்துவிட்டார். ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் அது தானாகவே மறுபடி உறங்கிவிடும் என்று ஒரு கொசுறு வேறு.

"எழலேன்னா?" என்றார், சங்கத்தில் எல்லாரும் 'தாடி' என்றே அழைக்கும் உறுப்பினர். தலைவர் பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"நாற்காலி உங்களுக்கு. அடுத்த ஞாயிறு அஞ்சு மணிக்கு எங்க வீட்டுக்கு வாங்க."

வீட்டுக்கு வந்து பட்டனை அமுக்கினார். நான்கரை நிமிடம் ஆயிற்று.

வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார். மைய நிரலான கெர்னலை மாற்றினார், தரவைச் சுருக்கும் முறையை மாற்றினார், பதிவுக்கோப்பை அச்சடித்துச் சுவரில் ஒட்டி மூன்று நிறத்தில் கோடு கிழித்தார். நான்கரை நிமிடம் நான்கரையாகவே நின்றது.

ஞாயிறு காலை, பள்ளியில் கணக்கு டீச்சரான அவர் மனைவி சுவரைப் பார்த்தாள்.

"ஏங்க, எப்போலேர்ந்து இது இப்படி மெதுவாச்சு?"

"ஆறு மாசம் முன்னாடி பாத்தப்ப ஒரு நிமிஷந்தான். உனக்குப் புரியாதும்மா, இது ஆழமான விஷயம்."

"தூங்கறதுக்கு முன்னாடி நெனப்புல இருக்கறதெல்லாம் எங்கயோ எழுதி வைக்கும்னீங்களே, எங்க?"

"ஸ்வாப்ல."

"அது எங்க இருக்கு?"

தலைவர் விசைப்பலகைப் பக்கம் திரும்பினார். கட்டளையைத் தட்டிப் பார்த்தார். கணினியில் இரண்டு டிஸ்க்: ஒன்று மின்னல் வேகப் புதுசு, இன்னொன்று கரகரவென்று சுற்றும் பழசு. ஸ்வாப் பழசில் இருந்தது. வைத்தவர் அவரேதான். ஆறு மாதம் முன்பு புது டிஸ்க்கில் இடம் போதாமல் போனபோது, ஒரு வேகத்தில் செய்துவிட்டு மறந்தும் போனார்.

"அப்போ புதுசுல என்னங்க இருக்கு?"

அவருடைய சொற்பொழிவுக் காணொளிகள் இருந்தன. 'நேரத்தை மிச்சப்படுத்துவது எப்படி', நாற்பத்தொரு பாகம்.

"அழிச்சிடுங்களேன்."

தலைவர் அவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். நாற்பத்தொன்றையும் பழைய டிஸ்க்குக்கு நகர்த்தவே மூன்று மணி நேரம் பிடித்தது. காலியான இடத்தில் ஸ்வாப்பை அமைத்து, எழும்போது எங்கே தேட வேண்டும் என்பதையும் கணினிக்கு எழுதி வைத்தார். சோதித்தார். நாற்பது நொடி!

ஐந்து மணிக்குச் சங்கம் வந்து சேர்ந்தது. தலைவர் பட்டனை அமுக்கினார். அமுக்கிய கையோடு திரைக்கு முதுகைக் காட்டிச் சபைப்பக்கம் திரும்பினார்.

"பெருமதிப்பிற்குரிய உறுப்பினர்களே! உறக்கம் என்றால் என்ன?"

"தலைவரே, கொஞ்சம் நகருங்க, திரை தெரியல" என்றார் தாடி.

"குறுக்க பேசாதீங்க."

உறக்கத்தில் தொடங்கியவர், நினைவாற்றலைத் தொட்டு, தன் இளமைக்கால உழைப்புக்கு வந்து, ஒரு வழியாக "இதோ!" என்று விலகினார். திரை கன்னங்கரேல் என்றிருந்தது.

தாடி நாற்காலியை ஒரு நோட்டம் விட்டார். தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. "நீயாவது பாத்தியா?" என்றார் பக்கவாட்டில் நின்ற மனைவியிடம்.

"பாத்தேனே. நாப்பது செகண்ட்ல எழுந்துச்சு. அஞ்சு நிமிஷம் உங்க பேச்சக் கேட்டுச்சு. மறுபடி தூங்கிடுச்சு."

சிரிப்பு அடங்கவே ஒரு நிமிடம் ஆனது. "சரி, இன்னொரு தடவ அமுக்குங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது" என்றார் தாடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நாற்பது நொடி. தலைவரின் பொதுவாழ்வில் அவ்வளவு நீண்ட மௌனம் அதுவரை நிகழ்ந்ததில்லை. இரண்டு முறை தொண்டையைச் செருமினார்; மனைவி முறைத்தாள். திரை பளிச்சென்று எழுந்தது. நாற்காலி தப்பியது.

தாடி சும்மா போகவில்லை. ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: இனி தலைவர் உரை, அவர் கணினி எழும் நேரத்துக்கு மேல் ஒரு நொடியும் நீளக் கூடாது. பதினொரு கைகளும் உயர்ந்தன. பன்னிரண்டாவதாக டீச்சர் கையும் உயர்ந்தது. அவள் உறுப்பினரே இல்லை.

மறுநாள் காலை, தலைவர் கணினிமுன் குனிந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ஸ்வாப்ப மறுபடி பழைய டிஸ்க்குக்கே மாத்தறேன்."

"நாலரை நிமிஷம் ஆகுமே!"

"ஆமா" என்றார் தலைவர், கனிவாக.